அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளில் ஆய்வு: வாய்ப்பு யாரைச் சென்றடைகிறது?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் இருக்கும் மாணவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் பயில்வது சமுதாயக் கல்லூரிகள் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளில். நாடெங்கும் இத்தகைய கல்லூரிகள் ஆயிரம் அளவில் இயங்குகின்றன. ஆயினும் அறிவியல் ஆய்வு என்றதும் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் நினைவுக்கு வருமே தவிர, இந்தக் கல்லூரிகள் நினைவுக்கு வருவதில்லை.

இவற்றில் படிக்கும் மாணவர்களுக்கும் ஆய்வு வாய்ப்பு வேண்டும் என்பதை இன்று அமெரிக்கக் கல்வித்துறையில் மறுப்பவர்கள் குறைவு. அந்த வாய்ப்பை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கோடை விடுமுறையில் மாணவரை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது ஒரு வழி. அவர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்குள்ளேயே ஆய்வைக் கொண்டு வருவது இன்னொரு வழி. முதலாவது புகழ் பெற்றது, பணமும் தருவது. ஆனால் சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோரை, குறிப்பாக விசாவில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளை, உண்மையில் சென்றடையக் கூடியது இரண்டாவதுதான்.

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். 1990களின் பிற்பகுதி முதல் தமிழகத்தில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் இயங்கி வருபவை பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தரும் நிறுவனங்கள். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி உண்டு. ஆனால் நான்காண்டுப் பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே குறைந்த செலவில் முடித்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம் என்பதே அதன் தனித்தன்மை.

இலினாய் மாநிலத்தில் 1901ல் தொடங்கப்பட்ட ஜோலியட் ஜூனியர் கல்லூரி, இன்றும் இயங்கும் இத்தகைய பொதுக் கல்லூரிகளில் மூத்தது. அதிபர் ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணையம் 1947ல் அளித்த அறிக்கை, சமுதாயக் கல்லூரி என்ற பெயரையும், வீட்டிலிருந்து போய்ப் படிக்கும் தூரத்தில் அனைவருக்கும் கல்லூரி என்ற எண்ணத்தையும் பரவலாக்கியது. கலிஃபோர்னியா 1960ல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், ஆய்வையும் முனைவர் பட்டத்தையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கியது. கதவைத் தட்டும் எவரையும் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சமுதாயக் கல்லூரிகளிடம் ஒப்படைத்தது. சமுதாயக் கல்லூரியில் ஆய்வு இல்லாமல் போனது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல, அது திட்டமிட்ட வேலைப் பிரிவினை என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

அந்தப் பிரிவினையின் விளைவை ஆசிரியரின் வேலை நேரத்தில் காணலாம். ஆய்வுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒரு பருவத்தில் ஒன்றோ இரண்டோ பாடங்கள் நடத்துவார். மீதி நேரம் ஆய்வுக்கு. சமுதாயக் கல்லூரியில் முழுநேர ஆசிரியர் ஒரு பருவத்தில் ஐந்து பாடங்கள் நடத்துவது வழக்கம். அங்கு கற்பிப்போரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர ஆசிரியர்கள். அவர்களில் பலருக்குச் சொந்த அலுவலக அறைகூட இருப்பதில்லை. ஆய்வு உதவிக்கு முதுநிலை மாணவர்கள் கிடையாது. ஆய்வு செய்ததற்காக ஊதிய உயர்வும் கிடையாது.

பதினைந்து மாதக் கணக்கு

ஆய்வு அனுபவம் இல்லாவிட்டால் என்ன இழப்பு என்று கேட்கலாம். நல்ல மதிப்பெண் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு ஆய்வைத் தொடங்கினால் போதாதா? கிரெய்க் வென்டர் கலிஃபோர்னியாவின் சான் மடேயோ கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரியில்தான் படிப்பைத் தொடங்கினார். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின்னர் உயிர்வேதியியல் ஆய்வில் இறங்கினார். பின்னாளில் மனித மரபணுத் தொகுதியை வாசிக்கும் போட்டியில் முன்னணியில் நின்றார். 1999ல் அமெரிக்க விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ் படிப்பைத் தொடங்கியதும் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியில்தான்.

இவை உண்மைக் கதைகள், ஆனால் விதிவிலக்குகள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் ஆஸ்பென் நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளுடன் சேர்ந்து 2024ல் வெளியிட்ட அறிக்கை வேறொரு நிலையைக் காட்டுகிறது. சமுதாயக் கல்லூரியில் சேருவோரில் சுமார் 80 சதவீதத்தினர் இளநிலைப் பட்டம் பெறும் நோக்கம் கொண்டவர்கள். நான்காண்டு நிறுவனங்களுக்கு மாறுபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. ஆறு ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெறுபவர்களோ 16 சதவீதத்தினர்.

மாறிச் செல்பவர்களும் ஒரு காலக் கணக்கை எதிர்கொள்கிறார்கள். முனைவர் பட்டப் படிப்புக்கான விண்ணப்பங்கள் பொதுவாக நான்காம் ஆண்டு டிசம்பரில் போய்ச் சேர வேண்டும். மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் புதிய பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவருக்கு அதற்குள் கிடைப்பது 15 மாதங்கள், இடையில் ஒரே ஒரு கோடை. அதே வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்கு, முதலாண்டிலேயே ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டி ஆய்வுக்கூடத்தில் இடம்பிடிக்க வாய்ப்பு இருந்திருக்கிறது. அவரை நன்கறிந்து பரிந்துரைக் கடிதம் எழுதப் பேராசிரியர்கள் இருப்பார்கள். மாறி வந்த மாணவர், வளாகத்தின் வழிகளைத் தெரிந்துகொள்வதற்குள் முதல் பருவம் முடிந்துவிடுகிறது.

இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்ப்பது அமெரிக்காவிலேயே அவ்வளவு பழைய வழக்கமல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விகர் 1969ல் தொடங்கிய திட்டம் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1998ல் பாயர் ஆணையம், முதலாண்டிலிருந்தே ஆராய்ந்து கற்கும் முறை வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆனால் அது பேசியது ஆய்வுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி மட்டும். முதலிரு ஆண்டுகளை வேறிடத்தில் கழிக்கும் இலட்சக்கணக்கான மாணவர்கள் அந்தப் பார்வைக்கு வெளியே இருந்தார்கள்.

கோடைக்கு வெளியே அனுப்பும் வழி

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987ல் தொடங்கிய 'இளநிலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவங்கள்' என்ற திட்டமே இத்துறையில் மிகவும் அறியப்பட்டது. ஆர்.இ.யூ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டத்தின் கீழ், நாடெங்கும் உள்ள மையங்கள் ஒவ்வொன்றும் சுமார் 10 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கோடையில் பெரும்பாலும் 8 முதல் 10 வாரங்கள் ஆய்வில் ஈடுபடுத்துகின்றன. வாரந்தோறும் உதவித்தொகை உண்டு. தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் பல மையங்கள் பணம் தருகின்றன. ஆய்வு வாய்ப்புக் குறைந்த கல்லூரிகளிலிருந்து, ஈராண்டுக் கல்லூரிகள் உட்பட, மாணவர்களைச் சேர்க்கும்படி அறக்கட்டளை இம்மையங்களை ஊக்குவித்து வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில், எங்கும் பதிவில்லாமல் இருக்கும் கோடையிலும் மாணவர் பங்கேற்கலாம் என்று விதிகளில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. சமுதாயக் கல்லூரி மாணவரை அறிந்த யாரோ எழுதிய விதி அது என்பதில் ஐயமில்லை.

எரிசக்தித் துறையும் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. புரூக்ஹேவன், ஆர்கான், லாரன்ஸ் பெர்க்லி போன்ற தேசிய ஆய்வுக்கூடங்களில் அதன் மூலம் 10 வாரங்கள் பணியாற்றலாம்.

இத்திட்டங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு அது பெரும் பேறு. ஆனால் விண்ணப்பப் படிவத்தை ஒரு சமுதாயக் கல்லூரி மாணவரின் இடத்திலிருந்து வாசித்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போய்ச் சேர வேண்டும். முதலாண்டு மாணவர் அப்போதுதான் ஒரே ஒரு பருவத்தை முடித்திருப்பார். பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய ஆசிரியர் பகுதிநேரத்தவராக இருந்து, அடுத்த பருவத்தில் அந்தக் கல்லூரியில் இல்லாமலும் போகலாம். இம்மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர மாணவர்கள். கடையிலோ கிடங்கிலோ வேலை பார்ப்பவர்கள், குழந்தை உள்ளவர்கள், வயதான பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர்கள். பத்து வாரம் வேறு மாநிலத்தில் தங்கித் திரும்பும்போது பழைய வேலை காத்திருக்கும் என்று அவர்களுக்கு உத்தரவாதம் இல்லை.

இதற்கெல்லாம் மேலாகக் குடியுரிமை நிபந்தனை இருக்கிறது. ஆர்.இ.யூ. திட்டத்தில் அறக்கட்டளையின் பணத்தில் பங்கேற்க, அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். எரிசக்தித் துறைத் திட்டத்திலும் அப்படியே. இந்த ஒரு வரியைப் பல தமிழ்க் குடும்பங்கள் தாமதமாகவே அறிந்துகொள்கின்றன.

கணினித் துறைப் பணிக்காக எச்-1பி விசாவில் அமெரிக்கா சென்றவர்களின் பிள்ளைகள் எச்-4 என்ற சார்பு விசாவில் வளர்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்ட் கிடைக்கும் வரிசை மிக நீண்டது. நான்கு வயதில் வந்த குழந்தை கல்லூரியில் சேரும் வயதிலும் அதே விசாவில் இருப்பது அரிதல்ல. 21 வயது நிறைந்தால் அந்தச் சார்பு நிலையும் முடிந்து, மாணவர் விசாவுக்கோ வேறொன்றுக்கோ மாற வேண்டியிருக்கிறது. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் படிக்கலாம், ஆனால் ஊதியம் பெறும் வேலை செய்யக் கூடாது. புகலிடக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஆர்.இ.யூ. கதவு மூடியே இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் சொந்த நிதியில் நடத்தும் சில கோடைத் திட்டங்களில் குடியுரிமை கேட்கப்படுவதில்லை என்றாலும், உதவித்தொகை என்று வரும்போது விசா விதி குறுக்கே நிற்கலாம். ஊதியமில்லாமல் ஆய்வுக்கூடத்தில் உதவுவது எப்போது வேலையாகக் கருதப்படும் என்பதும் சட்டம் அறிந்தவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

ஆனால் கிரெடிட் பெறும் பாடத்தின் பகுதியாக, கட்டணம் கட்டிப் படிக்கும் வகுப்பில் செய்யும் ஆய்வு வேலையாகக் கருதப்படுவதில்லை. அது படிப்பு. அந்த வகுப்பில் சேரத் தகுதியுள்ள எவரும் அதைச் செய்யலாம்.

வகுப்பறைக்குள் வந்த ஆய்வு

வழக்கமான உயிரியல் செய்முறை வகுப்பில் மாணவர் செய்வது, விடை முன்பே தெரிந்த ஒரு சோதனை. விடை பொருந்தாவிட்டால் மாணவர் தவறு செய்தார் என்று பொருள். 2012ல் அமெரிக்க அதிபரின் அறிவியல், தொழில்நுட்ப ஆலோசகர் குழு அளித்த அறிக்கை இந்த முறையை மாற்றும்படி பரிந்துரைத்தது. அறிவியல், பொறியியல் பட்டப்படிப்பை எண்ணிக் கல்லூரிக்கு வருபவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அத்துறையில் பட்டம் பெறுகிறார்கள் என்று சுட்டிக்காட்டிய அக்குழு, முதலிரு ஆண்டுகளின் செய்முறை வகுப்புகளுக்குப் பதிலாக, விடை யாருக்கும் தெரியாத ஆய்வுப் பாடங்களைக் கொண்டு வரலாம் என்றது.

அறிக்கை வருவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கனன்டெய்குவா என்ற சிற்றூரில் உள்ள ஃபிங்கர் லேக்ஸ் சமுதாயக் கல்லூரியில், ஜேம்ஸ் ஹ்யூலெட் என்ற உயிரியல் ஆசிரியர் முதலாண்டுப் பாடத்திலேயே உண்மையான ஆய்வுக் கேள்விகளை நுழைத்தார். அதிலிருந்து வளர்ந்த சமுதாயக் கல்லூரி இளநிலை ஆய்வு முன்முயற்சி, 2011ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி பெற்று, பல மாநிலக் கல்லூரிகளை இணைக்கும் வலையமைப்பாக விரிந்தது.

இம்முறை எப்படி இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லும் சேர்ந்து 2008ல் தொடங்கிய 'சீ-ஃபேஜஸ்' திட்டம் நல்ல உதாரணம். இதில் சமுதாயக் கல்லூரிகளும் பங்கேற்கின்றன. பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். அவை மண்ணெங்கும் கணக்கின்றிக் கிடக்கின்றன. மிகப் பெரும்பாலானவற்றை இதுவரை யாரும் பார்த்ததில்லை. மாணவர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலிருந்தோ ஒரு கைப்பிடி மண் எடுத்து வருகிறார். அதை நீர்மத்தில் கலக்கி, பாக்டீரியாவும் புக முடியாத நுண்துளை வடிகட்டியில் வடித்து, காசநோய்க் கிருமிக்கு உறவுள்ள, ஆனால் தீங்கு குறைந்த ஒரு மைக்கோபாக்டீரியத்துடன் சேர்த்துத் தட்டில் ஊற்றுகிறார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, கலங்கிய தட்டில் தெளிவான சிறு புள்ளி ஒன்று தெரிந்தால், அங்கே ஒரு ஃபேஜ் இருக்கிறது. அதைத் தூய்மைப்படுத்தி டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது முதல் பருவத்து வேலை. வாசிக்கப்பட்ட மரபணு வரிசையில் எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினியில் குறித்து, பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது இரண்டாம் பருவத்து வேலை. ஃபேஜுக்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு.

இது வெறும் பயிற்சி விளையாட்டு என்று நினைப்பவர்கள் லண்டனில் நடந்ததைக் கவனிக்கலாம். நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்றால் பாதிக்கப்பட்டிருந்த 15 வயதுச் சிறுமி ஒருவருக்கு, கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை மருத்துவர்கள் மூன்று ஃபேஜ்களின் கலவையைச் செலுத்தினார்கள். அவரது நிலை குறிப்பிடத்தக்க அளவு தேறியதாக 2019ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான கட்டுரை தெரிவித்தது. ஹாட்ஃபுல்லின் ஆய்வுக்கூடம் மாணவர்கள் சேர்த்த ஆயிரக்கணக்கான ஃபேஜ்களிலிருந்து தேடியெடுத்தவை அவை. அம்மூன்றில் இரண்டை மரபணு மாற்றம் செய்தே பயன்படுத்த முடிந்தது. மாற்றம் எதுவும் தேவைப்படாமல் அக்கிருமியைக் கொன்ற மூன்றாவதன் பெயர் மடி. 2010ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இதே போன்ற பயிற்சி ஒன்றில், ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து பிரித்தெடுத்தது அது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோ ஹேண்டல்ஸ்மன் வழிநடத்தும் 'டைனி எர்த்' என்ற வலையமைப்பும் மண்ணையே நம்பியிருக்கிறது. புதிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தரக்கூடிய பாக்டீரியாக்களை அதன் மாணவர்கள் தேடுகிறார்கள்.

ஆய்வுக்கூடமே இல்லாத துறையிலும் இது முடியும். கலிஃபோர்னியாவின் சான் லூயி ஒபிஸ்போ நகரில் உள்ள குவெஸ்டா கல்லூரியில், ரஸ்ஸல் ஜெனட் என்ற வானியலாளர் 2000களின் நடுப்பகுதியிலிருந்து நடத்திய வகுப்பு அதற்குச் சான்று. வானில் அருகருகே தெரியும் இரட்டை நட்சத்திரங்களில் பல, ஆண்டுக்கணக்கில் யாராலும் அளக்கப்படாமல் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான கோண இடைவெளியையும் திசையையும் அளந்து, பழைய அளவீடுகளுடன் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவதே வேலை. சிறிய தொலைநோக்கி போதும். பின்னாளில் தொலைவிலிருந்து இயக்கும் தொலைநோக்கிகளும் வந்தன. ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும். கட்டுரைகள் இரட்டை நட்சத்திரங்களுக்கென்றே உள்ள ஒரு சிற்றிதழில், மாணவர்களின் பெயரிலேயே வெளியாயின. பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் அந்த எண் அதற்கு முன் உலகில் எங்கும் இருந்ததில்லை. நட்சத்திரங்களின் சுற்றுப்பாதையைக் கணக்கிடும் யாரோ ஒருவருக்கு அது பின்னர் தேவைப்படும்.

இந்த உதாரணங்களுக்குப் பொதுவான சில இயல்புகள் உண்டு. ஒரே வேலையை 20 மாணவர்கள் வெவ்வேறு பொருளின் மீது தனித்தனியே செய்யலாம். ஒருவர் தவறினாலும் மற்றவரின் வேலை கெடாது. செலவு குறைவு. எல்லாவற்றையும்விட, வகுப்பறைக்கு வெளியே அந்த விடைக்காகக் காத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். இந்தக் கடைசி இயல்பு இல்லாத எதையும் ஆய்வு என்று அழைப்பது பெயர் மாற்றம் மட்டுமே. பழைய செய்முறை வகுப்புக்கு ஆய்வுப் பாடம் என்று புதுப் பெயர் சூட்டி நிதி கேட்கும் கல்லூரிகளும் இல்லாமலில்லை.

பலன் உண்டா?

இதில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நடந்த மதிப்பீடு. அங்கு முதலாண்டு மாணவர்கள் மூன்று பருவங்கள் தொடர்ந்து பாடத்தின் பகுதியாக ஆய்வு செய்யும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2016ல் வெளியான ஆய்வறிக்கை, ஒத்த பின்னணி கொண்ட மாணவர்களுடன் அவர்களை ஒப்பிட்டது. மூன்று பருவங்களையும் முடித்தவர்கள் அறிவியல் துறையிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு 71 சதவீதத்திலிருந்து 94 சதவீதமாகவும், ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறும் வாய்ப்பு 66 சதவீதத்திலிருந்து 83 சதவீதமாகவும் உயர்ந்ததாக அது கணக்கிட்டது. மதிப்பெண் சராசரியில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆய்வு மாணவரை அதிக மதிப்பெண் பெற வைக்கவில்லை, விட்டுப் போகாமல் இருக்க வைத்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் ஆஸ்டின் ஒரு பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம். அங்கு நடந்தது, ஐந்து பாடங்கள் நடத்தும் ஆசிரியரிடம், மாலை வகுப்புக்கு வேலையிலிருந்து நேராக வரும் மாணவர்களிடம் அதே அளவில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று பருவங்கள் தொடர்வதே சமுதாயக் கல்லூரியில் அரிது. வகுப்பறை ஆய்வில் கிடைக்காத ஒன்றும் உண்டு. கோடையில் பத்து வாரம் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருப்பவர், ஆய்வாளர்கள் மதிய உணவின்போது என்ன பேசிக்கொள்கிறார்கள், தோல்வியடைந்த சோதனையை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்க்கிறார். வாரம் மூன்று மணி நேர வகுப்பு அதற்கு ஈடாகாது. வகுப்பறையில் தொடங்கி, முடிந்தவர்கள் கோடைத் திட்டத்துக்குப் போவதே நல்ல வரிசை. ஆனால் நிதியும் விளம்பரமும் நீண்ட காலமாக இந்த வரிசையின் இரண்டாவது படிக்கே அதிகம் சென்றிருக்கின்றன.

அந்த இரண்டாவது படியும் அண்மையில் ஆட்டம் கண்டது. 2025ல் டிரம்ப் நிர்வாகம் ஆய்வு நிதியைக் குறைக்க முற்பட்டபோது, பல ஆர்.இ.யூ. மையங்கள் அந்த ஆண்டின் கோடைத் திட்டத்தைக் கைவிட்டன. தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025 கோடைக்கால மாணவர் பயிற்சியை ரத்து செய்ததுடன், பன்மைத்தன்மையை நோக்கமாகக் கொண்ட பல பயிற்சித் திட்டங்களையும் முடித்துக்கொண்டன. ஏற்கனவே விண்ணப்பித்துக் காத்திருந்த மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். கல்லூரியின் வழக்கமான பாட அட்டவணையில் இடம்பெற்றுவிட்ட ஆய்வு வகுப்பு அதே வேகத்தில் மறைந்துவிடுவதில்லை. அதைத் தொடங்க மானியம் வேண்டியிருக்கலாம். தொடர்ந்து நடத்த, வகுப்புக்கென்று ஏற்கனவே ஒதுக்கப்படும் பணம் பெரும்பாலும் போதும். ஆசிரியரின் கூடுதல் உழைப்புக்குத்தான் அந்தக் கணக்கில் இடமில்லை. அவருக்கு ஒரு பாடத்தையாவது குறைத்துத் தராத கல்லூரிகளில், ஒருவர் ஓய்வு பெற்றதும் ஆய்வும் ஓய்வு பெற்றுவிடுகிறது.

கனடாவின் நிலை வேறு. ஒண்டாரியோ மாநிலத்தில் 1960களில் கல்லூரிகள் தொடங்கப்பட்டபோது, அவை பல்கலைக்கழகத்துக்கு ஏணியாக அமைக்கப்படவில்லை. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவில் 1966ல் தொடங்கிய சென்டெனியல் கல்லூரியும் அவற்றில் ஒன்று. 2000களுக்குப் பிறகு அங்கே வளர்ந்தது செயல்முறை ஆய்வு. உள்ளூர் நிறுவனம் ஒன்றின் பிரச்சினைக்குக் கல்லூரி தீர்வு தேடுகிறது, மாணவர் அதில் உதவியாளராகப் பணியாற்றுகிறார். வேலை வாய்ப்புக்கு அது உதவும். முனைவர் பட்டத்தை நோக்கிய பாதை அதுவல்ல.

தமிழ்ப் பெற்றோரின் தயக்கம்

கலிஃபோர்னியாவின் கூப்பர்ட்டீனோவிலும் ஃப்ரீமாண்டிலும், நியூ ஜெர்சியின் எடிசனிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அருகிலேயே டி ஆன்சா, ஓலோனி, மிடில்செக்ஸ் போன்ற சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கான கட்டணம் 2012லிருந்து ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த மதிப்பெண்ணுடன் முடிப்போருக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்யும் ஏற்பாட்டையும் வைத்திருக்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் அந்த ஆறில் இல்லை. இவ்வளவு இருந்தும், பிள்ளை சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருப்பதை உறவினரிடம் சொல்லத் தயங்கும் பெற்றோர் பலர் உண்டு.

அந்தத் தயக்கத்தை ஒரு வணிகமே பயன்படுத்திக்கொள்கிறது. சில வாரங்களில் ஆய்வுக் கட்டுரை வெளியிட வைப்பதாகச் சொல்லி, ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றின் வாடிக்கையாளர்களில் குடியேறிய பெற்றோர் கணிசமானவர்கள். குவெஸ்டா கல்லூரியின் மாணவர் வழக்கமான வகுப்புக் கட்டணத்தில் செய்ததை, பெயரளவிலான ஓர் இதழில் காசு கொடுத்து வாங்குவது போன்றது இது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் கேட்டறிய வேண்டிய ஒன்று, பார்வைக்குச் சிறியதாயினும் விளைவில் பெரிது. ஆய்வுக்கென்று தனியாக ஒரு பாடத்தை உருவாக்கும் கல்லூரிகள் உண்டு. அப்பாடத்தைப் பல்கலைக்கழகம் முதன்மைப் பாடத்துக்கு ஈடாக ஏற்காமல், விருப்பப் பாடமாக மட்டும் எண்ணிக்கொண்டால், மாணவர் கட்டிய பணமும் செலவிட்ட பருவமும் பட்டத்தின் முதன்மைத் தேவைக்கு உதவாது. ஆய்வை முதலாண்டு உயிரியல் பாடத்துக்குள்ளேயே வைத்திருக்கும் கல்லூரியில் பாட எண் மாறுவதில்லை. பல்கலைக்கழகம் அதை வழக்கம்போல் ஏற்றுக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற பொதுத் தகவல் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மற்ற மாநிலங்களில் மாறிச் செல்ல எண்ணும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தையே, முதல் பருவத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்பாக, எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.